உங்களுக்குத் தெரியுமா? கென்னடி மறைத்த நோய்

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் பழுப்பேறிய முகத்தைப் பார்த்தவர்கள், கடற்கரை வெயில் தந்த பொலிவு என்றே நினைத்தார்கள். அவருக்கு இருந்ததோ அட்ரீனல் சுரப்பி பழுதாவதால் வரும் அடிசன் நோய். 1947-ல் லண்டனில் கண்டறியப்பட்டது. 1960 தேர்தலின்போது அவர் தரப்பு அதை மறுத்தது.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம்தான். பயத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்க உதவும் கார்ட்டிசால், உப்பை வீணாக்காமல் காக்கும் ஆல்டோஸ்டீரோன் மூன்றும் இங்கிருந்தே வருகின்றன.

சுரப்பி பழுதானால் என்ன ஆகும் என்பதை 1855-ல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன். ஓயாத அசதி, எடைக் குறைவு, தோல் கறுத்தல் ஆகியவை முக்கிய அடையாளங்கள். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும்கூடக் கறுக்கும். கார்ட்டிசால் போதாதபோது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோனின் வேலை அது. உப்பு வெளியேறிவிடுவதால் ஊறுகாய், அப்பளம் என்று நாக்கு தேடும். நம் நாட்டில் காசநோயும் இந்த நோய்க்கு முக்கியக் காரணம்.

இன்னொன்று: ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ, கார்ட்டிசால்போல் வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.