பண்ணைக் குட்டி, பேப்பர் இருக்கு

சுங்குவார்சத்திரம் டீக்கடையில், ஷிப்ட் முடிந்து வந்த ஹாஸ்டல் தம்பி ஒருவர் போனை நீட்டினார். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் குட்டி. கழுத்தில் அரிசி தூவியது போலப் புடைத்த செதில்கள். "ஆப்பிரிக்க உடும்புண்ணே. பண்ணைக் குட்டி, பேப்பர் இருக்காம். வாங்கலாமா?"

அது சவன்னா உடும்பு. சகாராவுக்குத் தெற்கே, செனகல் முதல் எரித்ரியா வரையிலான புல்வெளிகளில் வாழ்வது. கானாவில் இதன் குஞ்சுகள் விளைநிலத்தில் பாச்சைகள் தோண்டிய வளைகளில் ஒண்டிக்கொள்ளும். மரவட்டை, வெட்டுக்கிளி, நத்தை, தேள் என்று மேய்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும். வாங்கியவர்களோ எலியாகப் போட்டு ஊட்டுகிறார்கள். ஊளைச்சதை ஏறிச் சீக்கிரமே சாகிறது. வளை தோண்ட ஆழமான மண்ணும், வெயில் காய 50 டிகிரிக்கு மேல் சுடும் ஓர் இடமும் வேண்டும். ஆறு பேர் படுக்கும் அறையில் அதற்கு எங்கே போவது?

'பண்ணைக் குட்டி'க்கு வருவோம். இதைக் கூண்டில் இனச்சேர்க்கை செய்யவைத்துக் குஞ்சு எடுத்தவர்கள் குறைவு. சந்தைக்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவை கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டிலிருந்து சினை உடும்பையோ முட்டையையோ எடுத்து வந்து கொட்டகையில் பொரித்தவை. பொரித்தது பண்ணைதான், தாய் காட்டுத்தாய். வனஉயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதிச் சீட்டில் இதற்கென ஓர் எழுத்து உண்டு. கூண்டுப் பெற்றோருக்குப் பிறந்து, தலைமுறையாகப் பெருகுவது 'சி'. கூண்டில் பிறந்தும் அந்த அளவுகோலை எட்டாதது 'எஃப்'. காட்டு முட்டையைப் பண்ணையில் பொரித்து வளர்த்தது 'ஆர்'. காட்டில் பிடித்தது 'டபிள்யூ'. பேப்பர் என்று எதை நீட்டினாலும் முதலில் தேட வேண்டியது அந்த ஒற்றை எழுத்தை.

2022இல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியல் பிராணியை உயிரோடு வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரி விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள். கை மாறினாலும் குட்டி போட்டாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் பெயரிலேயே பதிவில்லாத பிராணியை வாங்குபவர் எப்படித் தன் பெயருக்கு மாற்றுவார்? சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் ஏரிக்கரை உடும்பின் கதையே வேறு. அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடவோ பிடித்து வளர்க்கவோ கூடாது. கறி, எண்ணெய் எதுவானாலும் குற்றம்: 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'ஹத்தா ஜோடி' என்று பூஜைக்கு விற்கும் அதிர்ஷ்ட வேர் வேரே அல்ல, ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு என்பது 2017இல் அம்பலமானது. இது தெரியாமல் ஆன்லைனில் வாங்கி பீரோவில் வைத்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே ஆப்பிரிக்கக் குட்டியை வாங்கிவிட்டீர்களா? 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவின் கேப் கோரல் நகரில் அப்படித் தப்பியும் விடப்பட்டும் பெருகிய நைல் உடும்புகளை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, மனுவின் நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

தம்பி அந்த ஆளிடம் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மறுநாள் வந்தது ஒரு கடை ரசீது: 'பல்லி – 1'. எழுத்து எங்கே என்று கேட்டதும், அந்த நம்பரில் டிபி காணாமல் போனது.