ஒட்டிக்கொள்ளும் அட்டைகள்

வயலில் இறங்கினால் காலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அட்டையை அறிவீர்கள். உங்கள் புத்தகப் பையிலுள்ள வினா-விடை அட்டைகளிலும் அப்படிப்பட்டவை ஒன்றிரண்டு உண்டு!

மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் காட்டினார். ஆகவே சரியாகச் சொன்ன அட்டையைச் சில நாள் தள்ளிப் பார்க்கிறோம். தவறியதை மறுநாளே பார்க்கிறோம். ஆனால் சில அட்டைகள் எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகின்றன. இம்முறைக்கான ‘ஆங்கி’ என்ற கணிப்பொறி நிரல், வழக்கமாக 8 முறை மறந்த அட்டையை ‘லீச்’ என்று ஒதுக்குகிறது. லீச் என்றால் வயல் அட்டைதான்! தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி, ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி. தனித்தனி அட்டைகளில் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். ஒன்பதாம் முறையும் புரட்டுவது பிடிவாதமே தவிரப் படிப்பல்ல. இரண்டையும் கிழித்துவிட்டுப் புதிய கேள்வி எழுதுங்கள்: எது பெரியது, ஏன்? உருகிய நீரில் மூலக்கூறுகள் இன்னும் நெருங்கியே உள்ளன. ஆவியாக வேண்டுமானால் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தாக வேண்டும். அதற்குத்தான் ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர் முதலில் கெடிலம், பிறகு வெள்ளாறு என்ற வரிசையை மறப்பதில்லை. பாலங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறாரே! பார்க்காதவர் ஒரு சிறு வரைபடம் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியும் நிற்காத அட்டையை ஒரு மாதம் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்காக மற்ற ஐம்பது அட்டைகளின் நேரத்தை அது உறிஞ்ச வேண்டாம்.