வெப்ப அழுத்தப் பொறி

பெங்களூரின் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. நம் பெற்றோருள் சிலர் அங்குத் தையற்பணி புரிகின்றனர். தைத்த சட்டையில் பெயரோ படமோ பதிக்க உதவுவது வெப்ப அழுத்தப் பொறி. கடைகளில் இதனை ‘ஹீட் பிரஸ்’ என்பர்.

சலவைப் பெட்டியாலும் படம் பதிக்கலாம். ஆயினும் அதன் சூடும் அழுத்தமும் எங்கும் சீராக இரா. எனவே, சில முறை துவைத்ததும் படம் உரியத் தொடங்கும்.

குறைந்த விலையில் பொறி வாங்குவோர் மூன்றைச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, வெப்பம். பதங்கமாதல் அச்சில் மை ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் புகும், பருத்தியில் நிலைக்காது. இதற்கு ஏறத்தாழ 200° செல்சியஸ் வெப்பம் தேவை. ஒரே நிறத்தைத் தட்டின் முழுப் பரப்பிலும் அச்சிட்டால், சூடு குறைந்த இடம் வெளிறித் தோன்றும்.

இரண்டாவது, அழுத்தம். சூடேற்றாத பொறியின் நான்கு மூலைகளிலும் தாள்களை வைத்து மூடி இழுக்க வேண்டும். எளிதில் வரும் தாள், அம்மூலையில் அழுத்தம் குறைவு என உணர்த்தும்.

மூன்றாவது, மின்சாரம். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் செருகுவாய் 1380 வாட் வரையே தாங்கும். 1800 வாட் பொறியை அதில் இணைத்தால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். அதற்கு 16 ஆம்பியர் செருகுவாயும் நிலக்கம்பியும் இன்றியமையாதவை. வாடகை வீட்டில் அவ்வசதி இல்லையெனில், 1000 வாட்டுக்கு உட்பட்ட சிறு பொறியே ஏற்றது.

ஆகவே, விலையைக் கேட்குமுன் பொறியில் பொறித்துள்ள வாட் அளவைப் படியுங்கள். பெரியோர் உடனிருக்கும்போதே அதனை இயக்குங்கள்.