பிள்ளைக்கு வேடம் கட்டும் முன் துணியைப் பாருங்கள்

சித்திரை வந்தால் ராசிங்காபுரம், போடி வட்டார வீடுகளில் வீரபாண்டி பேச்சுதான். அங்கே முல்லையாற்றங்கரை கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீச்சட்டி, துளைகள் நிறைந்த ஆயிரங்கண் பானை, உடலில் சேறு பூசும் சேத்தாண்டி வேடம் என்று நேர்த்திக்கடன் செலுத்த மக்கள் திரள்வார்கள். பெரியவர் ஏந்திவரும் தீச்சட்டி சிறுபிள்ளைக்கு முகமட்டத்தில் இருக்கும். கார்த்திகையில் வாசலில் வைக்கும் அகல்விளக்கோ பாவாடை விளிம்பைத் தொடும் உயரத்தில் எரியும். அதனால் அம்மன், முருகன், கண்ணன் எந்த வேடமானாலும் முதலில் பார்க்க வேண்டியது அழகையல்ல, துணியை.

எது சீக்கிரம் பற்றும்?

மெல்லிய, காற்றோட்டமான, உடலைவிட்டு விலகித் தொங்கும் துணியில் தீ வேகமாக ஏறும். வலைத்துணிப் பாவாடை, பின்னால் பறக்கும் அங்கவஸ்திரம், அகலக் கை எல்லாம் இந்த வகை. நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகும். பருத்தி உருகாது, ஆனால் எரியும். நெருக்கமாக நெய்த கனமான பருத்தியில் தீ பரவ நேரமாகும். திருவள்ளுவர் வேடத்துக்கு ஒட்டும் பஞ்சுத் தாடி நெருப்பைக் கண்டால் கணத்தில் பற்றிக்கொள்ளும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1940களில் அமெரிக்காவில் ரேயான் கௌபாய் உடை தீப்பற்றிக் குழந்தைகள் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் துணிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1953இல் வந்தது. நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கான ஐஎஸ் 9873 தரநிலையின் இரண்டாம் பகுதி தீப்பற்றும் தன்மையைப் பற்றியது. விளையாட்டு வேட உடை, ஒட்டுத்தாடி, பொய்முடி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வாடகைக்கு எடுக்கும் உடையிலும், தையல்காரரிடம் அவசரமாகத் தைத்து வாங்கும் உடையிலும் முத்திரையைத் தேட முடியாது. அங்கே சோதிக்க வேண்டியவர் பெற்றோரே. தையல் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து, பெரியவர் ஒருவர் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். உருண்டையாக உருகினால் அது செயற்கை இழை, சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான் போன்ற இழை.

கட்டும்போது கவனிக்க

- உடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். உள்ளே பருத்திச் சட்டையும் கால்சட்டையும் போடுங்கள்.
- கழுத்தில் நாடாவை இறுக முடியாதீர்கள். இழுத்தால் கழன்றுவிடும் ஒட்டுப்பட்டி நல்லது.
- முகமூடி பார்வையையும் மூச்சையும் தடுக்கும். அதற்குப் பதிலாக முகத்தில் சாயம் பூசுவதானால் முந்தைய நாளே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். சுவர் பெயின்ட் வேண்டவே வேண்டாம்.
- சித்திரை வெயிலில் கனமான வேடம் உடலைச் சூடாக்கும். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.
- வேடம் கலைத்துக் குளிக்க ஆற்றில் இறங்கும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள்.

பற்றிக்கொண்டால்

ஓடவிடாதீர்கள், ஓடினால் தீ பெருகும். படுக்கவைத்து உருட்டுங்கள், அல்லது கனமான பருத்திப் போர்வையால் மூடி அணையுங்கள். காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் ஓடட்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மாவு, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108ஐ அழையுங்கள்.

வேடம் கட்டிய பிள்ளையைத் தீச்சட்டி வரும் பாதையிலிருந்து விலக்கி, பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். இதற்குப் பணம் வேண்டாம். யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.