மூன்றாவது கணக்கில் கை வைக்கும் முன்...

கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஓவர்டைம் குறைந்தால், பல குடும்பங்களின் வருமானம் அடிப்படைச் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் குறைவதில்லை. அப்போது முதலில் நினைவுக்கு வருவது இபிஎஃப் பணம்தான்.

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்ட சந்தாதாரர்களின் மாதச் சந்தா மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. ஓய்வுக்காலக் கணக்கிற்கு 75%, செஜாத்ரா கணக்கிற்கு 15%, ஃபிளெக்சிபல் எனும் மூன்றாவது கணக்கிற்கு 10%. மூன்றாவது கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து 408 ரிங்கிட். அதில் மூன்றாவது கணக்கிற்குப் போவது சுமார் 41 ரிங்கிட். ஓராண்டில் ஏறக்குறைய 490 ரிங்கிட் சேரும்.

இது பெரிய பணமல்ல. ஆனால், வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் திடீரெனப் பழுதானால், வட்டி முதலையிடம் போகாமல் காப்பாற்றும். மாதாமாதம் எடுத்துச் செலவழிப்பவருக்கு அந்த நாளில் ஒன்றும் இருக்காது. விட்டு வைத்தால் அதற்கு லாப ஈவும் உண்டு. 2024ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் அறிவித்தது 6.3%.

அப்படியானால் எடுக்கவே கூடாதா? அப்படியில்லை. கிரெடிட் கார்டு கடனுக்கு ஆண்டு வட்டி 18% வரை போகிறது. 6% ஈட்டும் பணத்தை வைத்துக்கொண்டு 18% வட்டி கட்டுவது நஷ்டமே. அந்தக் கடனை அடைக்க எடுப்பதில் நியாயம் உண்டு. தீபாவளித் துணிமணிக்கு எடுப்பது வேறு கதை.

கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு ஆகியவற்றின் வழி 14,500 கோடி ரிங்கிட் வெளியேறியது. அன்று அது பலரின் அடுப்பை எரிய வைத்தது உண்மைதான். ஆனால், எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல என்பதும் அப்போது படித்த பாடம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூ கட்டுபவர், பலகாரக் கடை நடத்துபவர் போன்ற சுயதொழில் செய்வோருக்கு ஐ-சரான் திட்டம் இருக்கிறது. தாங்களே சந்தா செலுத்தினால், நிபந்தனைக்குட்பட்டு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கமும் சேர்த்துப் போடும்.

தவணை கட்ட முடியாத நிலை வந்துவிட்டால், ஒளிந்துகொள்ள வேண்டாம். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே நிறுவனம் இலவச ஆலோசனை தருகிறது. வங்கியோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. இரண்டு மூன்று மாதம் பாக்கி சேர்வதற்கு முன்பே போவது நல்லது.