குழந்தைக்குக் குறை என்றால் கேள்வி ஏன் மருமகளிடம் மட்டும்?

பிறந்து ஆறேழு மாதம் ஆன குழந்தை வெளிறிப்போகிறது. பால் குடிக்க மறுக்கிறது, வயிறு உப்புகிறது. பரிசோதித்த டாக்டர் தலசீமியா என்னும் ரத்த நோய் என்கிறார். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரானாலும் வேறு எந்த ஊரானாலும், வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பொண்ணு வீட்டுல யாருக்காச்சும் இது இருந்துச்சா?" மாப்பிள்ளை வீட்டில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தாய் அன்று முதல் குற்றவாளி. குலதெய்வக் குத்தம், ராசியில்லாதவள், நோய் கொண்டுவந்தவள் என்று பேச்சு வளர்ந்து, சில வீடுகளில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதிலோ இரண்டாம் கல்யாணத்திலோ போய் முடிகிறது.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் படிக்கும் மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடமே இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்துவிடும். நம் உடலில் ஏறத்தாழ எல்லா மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. ஓங்கு மரபணு என்றால் ஒரு பிரதி இருந்தாலே குணம் வெளியே தெரியும். கை கால் குட்டையாக வளரும் அகோண்ட்ரோபிளேசியா அப்படிப்பட்டது. ஒடுங்கு மரபணு என்றால் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை, பிறவிக் காது கேளாமையில் ஒரு பெரும்பகுதி, எல்லாம் இந்த வகை. ஒரு பிரதி மட்டும் பழுதானவரை டாக்டர்கள் கேரியர் என்பார்கள். அவர் நோயாளி கிடையாது. வயலில் வேலை செய்வார், பிள்ளை பெறுவார், தனக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்.

ஆகவே ஒரு குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்னும் கடும் நோய் வந்திருக்கிறது என்றால், பழுதான பிரதி ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தகப்பனிடமிருந்தும் வந்திருக்கிறது. தாய் மட்டும் கேரியராக இருந்திருந்தால் அந்த நோய் வந்திருக்காது. மருமகளைக் கைநீட்டிப் பேசும் மாமியாருக்கு இதைச் சொல்ல வேண்டிய கடமை நோயைக் கண்டுபிடித்த டாக்டருக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். மருந்துச் சீட்டோடு சேர்த்து, கணவன் வீட்டாரை உட்காரவைத்து அவர் சொல்ல வேண்டும்.

கணக்கிலும் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் வர நூற்றுக்கு 25 வாய்ப்பு. "நாலுல ஒண்ணுதானே, அது மூத்ததுக்கு வந்துருச்சு, இனி மூணும் நல்லாப் பிறக்கும்" என்று நம்பி அடுத்த குழந்தைக்குப் போகிறார்கள். முதல் தடவை நாணயத்தில் பூ விழுந்தால் அடுத்த தடவை தலைதான் விழ வேண்டும் என்று கட்டாயமா? ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த 25 புதிதாகவே தொடங்குகிறது.

சொந்தத்தில் பெண் எடுப்பது இங்கேதான் முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் உறவுக்குள் நடப்பவை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமன்–அக்காள் மகள், அத்தை மகன்–மாமன் மகள் உறவுகளைத் தடைப்பட்டியலில் வைத்திருந்தாலும், வழக்கம் இருந்தால் செல்லும் என்று விட்டுவைத்திருக்கிறது. ஆனால் தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவில் நாலில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்பவர்கள்; மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிறவிக் குறைபாடு மற்றக் குழந்தைகளிடம் நூற்றுக்கு 3ஆகவும் உறவுத் திருமணக் குழந்தைகளிடம் 6ஆகவும் இருந்தது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கெனவே சொந்தத்தில் மணம் முடித்தவர்களைப் பயமுறுத்துவதால் யாருக்கும் நன்மை இல்லை.

"நாங்க சொந்தத்துல எடுக்கல" என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் விஞ்ஞானி தங்கராஜும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, பல தலைமுறையாக ஒரே சாதிக்குள் மணந்துவந்த தெற்காசியக் குழுக்கள் பலவற்றில் ஒடுங்கு நோய்களுக்கான ஆபத்து மிகுந்திருப்பதைக் காட்டியது. பெயரில் உறவு இல்லாவிட்டாலும் முன்னோர்கள் ஒரு சிலரே.

கல்யாணத்துக்கு முன் ஹெச்பிஎல்சி என்னும் ரத்தப் பரிசோதனை செய்தால் தலசீமியா, சிக்கிள் செல் கேரியரா என்று தெரிந்துவிடும். இதை முதலில் மாப்பிள்ளைக்குச் செய்யுங்கள். பெண்ணுக்கு மட்டும் செய்து, "கேரியராம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சம்பந்தத்தை முறிக்கும் ஆபத்து இருக்கிறது. மாப்பிள்ளையிடம் பழுது இல்லையென்றால் பெண் கேரியராக இருப்பதால் குழந்தைக்கு அந்தக் கடும் நோய் வராது. இருவருமே கேரியர் என்றாலும் கல்யாணம் நின்றுபோக வேண்டியதில்லை. கர்ப்பத்தின் 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவையோ, 16ஆவது வாரத்தையொட்டிப் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதித்துக் குழந்தையின் நிலையை அறியலாம். 1994ஆம் ஆண்டின் கருப்பாலினத் தடைச் சட்டம் ரத்த நோய்களுக்கும் மரபு நோய்களுக்கும் இந்தச் சோதனையை அனுமதிக்கிறது. பாலினத்தைச் சொல்வதைத்தான் தடுக்கிறது. கருவில் பெரிய குறை தெரிந்து கலைக்க நேர்ந்தால், 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டப்படி வேண்டும். கணவன் கையெழுத்து தேவையில்லை. 24 வாரம் கடந்திருந்தால் மருத்துவக் குழு முடிவெடுக்கும். கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சி எட்டாத தூரம் இல்லை. தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986இலேயே செய்த மருத்துவமனை அது.

நோயோடு பிறந்த குழந்தைக்கும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, ஹீமோபீலியா, சிக்கிள் செல் மூன்றும் இருக்கின்றன. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தலசீமியா குழந்தைக்கு அரசு ரத்த வங்கியில் ரத்தம் இலவசம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் உண்டு, ஆனால் 6 வயதுக்குள் போக வேண்டும். தாமதம் ஆக ஆகப் பேச்சு வருவது கடினம்.

இதே ஒடுங்கு மரபணுவால் பெண்கள் மேல் இன்னொரு பழியும் விழுகிறது. அப்பா ஏ, அம்மா பி, குழந்தை ஓ. "இது என் புள்ளைதானா?" என்று கேட்டுவிடுகிறான் ஒருவன். ஓ ஒடுங்கியது. ஏ வகைக்காரரிடமும் பி வகைக்காரரிடமும் அது மறைந்து நிற்கலாம். இருவரிடமும் இருந்தால் ஓ குழந்தை பிறப்பது முற்றிலும் இயல்பு. இருவரும் பாசிட்டிவ், குழந்தை நெகட்டிவ் என்பதும் அப்படித்தான். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட பம்பாய் ரத்த வகையோ சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரியும், உள்ளே ஏயோ பியோ இருக்கலாம். நிறமோ பல மரபணுக்கள் சேர்ந்து முடிவுசெய்வது. கறுத்த பெற்றோருக்குச் சிவந்த குழந்தை பிறந்தால் சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. பெண் குழந்தையே பிறக்கிறது என்று ஏசுகிறார்களே, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு.

டிஎன்ஏ சோதனைக்கு வா என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த குழந்தை சட்டப்படி கணவனுடையதே. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வெறும் சந்தேகத்துக்காக நீதிமன்றங்கள் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிடக் கூடாது, குழந்தையின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் அபர்ணா ஃபிரோதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடத்தையைப் பழிப்பதும், நோய்க்குக் காரணம் நீதான் என்று நாள்தோறும் வதைப்பதும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனரீதியான வன்முறை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம், பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம். திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் கேட்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். போகும்போது குழந்தையின் பரிசோதனை முடிவுகளோடு கணவனின் ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் அதன் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.