கப்பலைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

சொகுசுக் கப்பல் பயணம் இன்று நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'கார்டெலியா எம்பிரஸ்' கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. திண்டிவனத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் கப்பல் ஏறும் இடத்தில் நிற்கலாம். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் விமானத்தில் சிங்கப்பூர் போய், 'கெந்திங் ட்ரீம்' போன்ற பெரிய கப்பலில் ஏறுகிறார்கள்.

ஓய்வுபெற்றபோது வந்த தொகையிலோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணத்திலோதான் பல குடும்பங்கள் இப்படி ஒரு பயணம் போகின்றன. வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் செலவு அது. ஆகவே எந்தக் கப்பலில் நீச்சல் குளம் பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால், பணத்தை யாரிடம் கட்டுகிறோம், அவர் எழுத்தில் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டு கப்பல்கள், ஒரு கணக்கு

எம்பிரஸ் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். நீளம் 211 மீட்டர், மொத்த டன் அளவு 48,563. கெந்திங் ட்ரீம் 2016-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. நீளம் 335 மீட்டர், டன் அளவு 1,50,695. இந்த டன் கப்பலின் எடை அல்ல. உள்ளே இருக்கும் இடத்தின் கொள்ளளவு. ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் முதல் கப்பலில் சுமார் 1,600 பயணிகள், இரண்டாவதில் சுமார் 3,350 பயணிகள். டன் அளவை ஆள் கணக்கால் வகுத்தால் முதல் கப்பலில் தலைக்கு 30, இரண்டாவதில் 45 வருகிறது. எண் கூடக் கூட நெரிசல் குறையும். விளம்பரப் படம் எதையும் நம்பாமல் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

ஆனால் பெரியது என்பதாலேயே அது உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதாகிவிடாது. முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு 335 மீட்டர் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பதே சிரமம். சிங்கப்பூர் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, விமானக் கட்டணம் எல்லாம் சேரும். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. ஒரே முறை நுழையும் விசாவோடு போனவர் மாட்டிக்கொள்வார். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கும் பொதுவாக இதே நிலைதான்.

சொல்லும் விலையும் கட்டும் விலையும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஓர் ஆளுக்கான கட்டணம். அதுவும் இருவர் சேர்ந்து தங்கும் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் கட்ட நேரிடலாம். துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை தனியாக வரும். சேவைக் கட்டணத்தைப் பல கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கில் தானாகவே ஏற்றிவிடுவார்கள். குளிர்பானம், மது, சில உணவகங்கள், இணையம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் கட்டணத்துக்கு வெளியே.

கவனிக்காமல் விட்டால் கைபேசியும் செலவு வைக்கும். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் எகிறும். கப்பல் கிளம்பியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிராவல்ஸ் நிறுவனம் டிசிஎஸ் என்ற வரியைப் பிடிக்கும். அது போய்விட்ட பணம் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருப்பதை 26ஏஎஸ் படிவத்தில் சரிபார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அல்லது திரும்பப் பெறலாம். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவரும் கணக்குத் தாக்கல் செய்து இதை வாங்கலாம். எல்லாச் செலவும் சேர்ந்த மொத்தத் தொகையை இரண்டு கப்பல்களுக்கும் எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பவை

வழித்தடத்தை மாற்றவும் ஒரு துறைமுகத்தை விட்டுவிடவும் கப்பல் நிறுவனம் உரிமை வைத்துக்கொண்டுதான் டிக்கெட்டை விற்கிறது. நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2022-இல் கார்டெலியா கப்பலின் வழித்தடத்தில் புதுச்சேரியும் இருந்தது. அங்கே அனுமதி கிடைக்காததால் பயணிகள் இறங்க முடியவில்லை. அந்தக் கப்பலின் பயணிகள் புதுச்சேரியில் இறங்கியது 2025 ஜூலையில்தான். ஆகவே ஒரே ஒரு ஊரைப் பார்ப்பதற்காக டிக்கெட் எடுப்பவர், அந்த ஊர் விடுபட்டால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். போகாத துறைமுகத்தின் கட்டணத்தைத் திருப்பித் தருவது பல நிறுவனங்களின் விதியிலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரத்துக் கட்டணம். பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். கடைசி நாட்களில் முழுத் தொகையும் போய்விடும். தாமதமாக வந்த பயணிக்காகக் கப்பல் காத்திருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாகின. அந்த நாட்களில் சென்னையில் கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டியவர் என்ன செய்திருப்பார்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் வைத்தால் ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்த் தங்குங்கள். விழுப்புரம் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நிற்கின்றன. அங்கிருந்து துறைமுகம் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

புறப்பாட்டைத் தவறவிடுவதற்கும், நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவருவதற்கும் இழப்பீடு தரும் பயணக் காப்பீடு வாங்குங்கள். கப்பல் மருத்துவர் இலவசமாகப் பார்க்க மாட்டார். நம் ஊர் மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் பெரும்பாலும் செல்லாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால், அதையே காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள்.

நிறுவனமே மூழ்கினால்?

கப்பல் மூழ்குவது அபூர்வம். நிறுவனம் மூழ்குவது அவ்வளவு அபூர்வம் அல்ல. 2019-இல் மும்பையிலிருந்து 'கர்ணிகா' கப்பலை ஓட்டத் தொடங்கிய ஜலேஷ் குரூஸஸ் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கப்பல் உடைக்கும் தளத்துக்குப் போனது. புகழ்பெற்ற காக்ஸ் அண்ட் கிங்ஸ் சுற்றுலா நிறுவனம் 2019 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் கப்பல் நிறுவனம் நொடித்தது. இப்படி நடந்தால் முன்பணம் கட்டியவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து தப்ப நான்கு வழிகள் உண்டு. ஒரு வருடம் முன்பே முழுப் பணமும் கட்டாதீர்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் 'சார்ஜ்பேக்' கேட்க வழி இருக்கிறது. தனிநபரின் கூகுள் பே எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ பாதி விலைக்குக் கப்பல் பயணம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

கப்பலில் ஏறிய பிறகு

2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியதில் 32 பேர் இறந்தார்கள். அவசரகாலப் பயிற்சி நடக்கும் முன்பே பல பயணிகள் அந்த விபத்தில் சிக்கினார்கள். அதன் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்று உலகக் கடல் பாதுகாப்பு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. அரை மணி நேரம்தானே என்று அறையில் படுத்துவிடாதீர்கள். உங்கள் உயிர்காப்புப் படகு எங்கே நிற்கிறது என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாந்தி, பேதி ஒருவருக்கு வந்தால் கப்பல் முழுக்க வேகமாகப் பரவும். சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

குறை ஏதும் இருந்தால் கப்பலிலேயே வரவேற்பு மேசையில் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அறையில் தண்ணீர் ஒழுகினால் படம் எடுங்கள். சைவச் சாப்பாடு தருகிறோம் என்று சொன்னதைத் தராவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஊருக்கு வந்து சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

விழுப்புரத்திலேயே வழக்குப் போடலாம்

டிக்கெட் விதிகளில் "வழக்கு இன்ன ஊர் நீதிமன்றத்தில்தான்" என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்தே பலர் வாய்மூடி விடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தர வழி செய்கிறது. ஆகவே திண்டிவனத்துக்காரர், டிராவல்ஸ் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம். அதனால் இந்தியாவில் அலுவலகம் உள்ள நிறுவனம் மூலம் வாங்குங்கள்.

முதலில் நிறுவனத்துக்கு உங்கள் குறையையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல பிரச்சினைகள் அந்த அளவிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்; இந்தக் கெடுவை மறக்காதீர்கள்.

விளம்பரம், பில், வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கைபேசியில் உள்ளவற்றைச் சாட்சியமாகத் தரும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆணையத்தின் உத்தரவை நிறுவனம் மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தீர்ப்பில் நிறைவில்லை என்றால் 45 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் உதவி வேண்டுமானால் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு. அதற்கான எண் 15100.

கடலில் நான்கு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அந்த நிம்மதிக்குக் கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை இருக்கிறது. மொத்த விலை, ரத்து விதி, துறைமுகம் விடுபட்டால் என்ன தருவார்கள், பில் தருபவர் யார் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் தராத நிறுவனத்திடம், கப்பல் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.